தரவுத்தள வகைத் தேர்வும் பதிப்புப் பொறுப்பும்: சங்க இலக்கியத் தரவுகளை முன்வைத்து ஒரு கருத்துரை

ஆய்வுச் சுருக்கம்

தமிழ் இலக்கியத் தரவுகளைக் கணினியில் தொகுக்கும் முயற்சிகள் பெருகிவரும் இக்காலத்தில், அத்தரவுகளை எவ்வகைத் தரவுத்தளத்தில் அமைப்பது என்னும் வினா பெரும்பாலும் தொழில்நுட்ப வினாவாகவே கருதப்படுகிறது. அது பதிப்பியல் வினா என்பது இக்கருத்துரையின் நிலைப்பாடாகும். படிநிலை, வலையமைப்பு, உறவுநிலை, ஆவணம், கோட்டுரு ஆகிய ஐவகைத் தரவுத்தளங்களின் இயல்புகள் சங்க நூல்களின் அமைப்போடு வைத்து இங்கு ஒப்பிடப்படுகின்றன. ஒவ்வொன்றும் பனுவலின் எக்கூற்றைக் காக்கிறது, எக்கூற்றை இழக்கச் செய்கிறது என்பது எடுத்துரைக்கப்படுகிறது. ஒருங்குறித் தமிழ் எழுத்துகளைத் தரவுத்தளங்கள் கையாளும் முறையால் விளையும் சிக்கல்களும் சுட்டப்படுகின்றன. தரவு அமைப்பு விளக்கத்தை ஆய்வேட்டின் இன்றியமையாத பகுதியாக மதிப்பிட வேண்டும் என்னும் பரிந்துரை இறுதியில் முன்வைக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: தரவுத்தள மேலாண்மை, உறவுநிலை மாதிரி, கோட்டுரு, பாடவேறுபாடு, வகையுளி, அகரவரிசை, ஒருங்குறி, பதிப்பியல்.

முன்னுரை

தமிழாய்வு தரவுத் தொகுப்புக்குப் புதியதன்று. சொல்லடைவுகளும் பாட்டு முதற்குறிப்பு அகராதிகளும் புலவர் அகரவரிசைகளும் அச்சுக் காலத்துத் தரவுத்தளங்களே. 1978இல் நொபோரு கராசிமா, எ. சுப்பராயலு, தோரு மட்சுயி ஆகிய மூவரும் சோழர் கல்வெட்டுகளில் பயிலும் பெயர்களைக் கணினித் துணையுடன் தொகுத்து மூன்று தொகுதிகளாக வெளியிட்டமை, தமிழ்ச் சான்றுகள் கணினித் தரவுகளாக மாறத் தொடங்கி ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆகிவிட்டது என்பதை உணர்த்தும்.

இன்றைய நிலை வேறு. முனைவர்பட்ட ஆய்வேடுகள் பலவற்றில் சொல் எண்ணிக்கை, திணைவாரிப் பரவல், புலவர் - புரவலர் உறவு முதலியன தரவுத்தளத்திலிருந்து பெறப்பட்டு முடிவுகளாக எழுதப்படுகின்றன. ஆனால் அத்தரவுத்தளம் எவ்வகையைச் சார்ந்தது, அதில் பாடல் என்னும் அலகு எவ்வாறு வரையறுக்கப்பட்டது, பாடவேறுபாடு எங்குச் சென்றது என்னும் வினாக்களுக்கு ஆய்வேட்டில் விடை இருப்பதில்லை. 'கணினியின் துணைகொண்டு தரவுகள் தொகுக்கப்பட்டன' என்னும் ஒரு தொடருடன் அப்பகுதி நிறைவுறுகிறது. எந்தச் சுவடியை, எந்தப் பதிப்பைப் பயன்படுத்தினார் என்று கூறாத பதிப்பாசிரியரை நாம் ஏற்பதில்லை. அதே கண்டிப்பைத் தரவுத்தளத்திடம் காட்டாமல் விடுவது முறையாகுமா என்பதே இக்கருத்துரையின் அடிப்படை வினா.

தொடங்குமுன் ஒரு வரையறை தேவை. தரவுகளின் ஒழுங்குற்ற தொகுப்பு தரவுத்தளம் எனப்படும். அதனை உருவாக்கவும் தேடவும் திருத்தவும் காக்கவும் உதவும் மென்பொருள் தரவுத்தள மேலாண்மை அமைப்பு எனப்படும். ஒவ்வொரு மேலாண்மை அமைப்பும் உலகத்துப் பொருள்கள் எவ்வாறு ஒன்றோடொன்று இயைகின்றன என்பது குறித்த ஒரு கொள்கையைத் தனக்குள் கொண்டுள்ளது. அக்கொள்கையே தரவு மாதிரி.

படிநிலை மாதிரி: ஐங்குறுநூறு பொருந்தும் இடம்

தரவு மாதிரிகளுள் காலத்தால் முற்பட்டவற்றுள் ஒன்று படிநிலை மாதிரி. 1960களில் அப்போலோ விண்வெளித் திட்டத்திற்குரிய உறுப்புகளின் பெரும்பட்டியலைக் கையாள ஐ.பி.எம். நிறுவனம் உருவாக்கிய ஐ.எம்.எஸ். இதற்குத் தக்க சான்று. இம்மாதிரியில் தரவுகள் மரத்தின் கிளைகள் போல அமையும். ஒரு தாய்க்கணுவின்கீழ்ச் சேய்கள் பல இருக்கலாம். ஒரு சேய்க்கு ஒரு தாய்தான் உண்டு.

ஐங்குறுநூறு இம்மாதிரிக்கென்றே தொகுக்கப்பட்டதோ எனத் தோன்றும். நூல், அதன்கீழ் ஐந்து திணைகள், ஒவ்வொரு திணைக்கும் ஒரு புலவர், ஒரு நூறு. ஒவ்வொரு நூற்றின்கீழும் பத்துப் பத்துகள். ஒவ்வொரு பத்தின்கீழும் பத்துப் பாடல்கள். பதிற்றுப்பத்தும் இவ்வாறே பத்து, பாடல் என இறங்கிவரும். இந்நூல்களுள் இருக்கும் ஒரு பாடலைத் தேடுவதற்குப் படிநிலை மாதிரியைப் போல விரைவானதும் எளியதும் வேறில்லை.

நூலின் எல்லையைக் கடந்தவுடன் மாதிரி முறிகிறது. ஐங்குறுநூற்றுக் குறிஞ்சியைப் பாடிய கபிலர் பெயரே பதிற்றுப்பத்தின் ஏழாம் பத்திலும் குறிஞ்சிப்பாட்டிலும் குறிஞ்சிக்கலியிலும் புறநானூற்றிலும் காணப்படுகிறது. மரத்தில் கபிலர் ஒரு கிளையின்கீழ் மட்டுமே நிற்க இயலும். எனவே ஒவ்வொரு நூலின்கீழும் அவர் பெயரைத் திரும்பத் திரும்ப எழுத நேரும். அவ்வாறு எழுதப்பட்ட பெயர்கள் ஒருவரைக் குறிக்கின்றனவா, பலரைக் குறிக்கின்றனவா என்னும் வினாவைக் கேட்கவே அம்மாதிரியில் இடமில்லை. புலவர் ஒருமை பற்றிய ஆய்வுச் சிக்கல், தரவு அமைப்பின் இயல்பாலேயே மறைந்துபோகிறது.

இக்குறையைக் களைய எழுந்தது வலையமைப்பு மாதிரி. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் சார்லஸ் பாக்மன் 1960களின் தொடக்கத்தில் உருவாக்கிய ஐ.டி.எஸ். இதன் முன்னோடி. ஒரு தரவுக்குத் தாய்கள் பல இருக்க இம்மாதிரி இடமளித்தது. ஆயினும் தேடுபவர் தரவுகளுக்கிடையே உள்ள வழித்தடத்தை முன்னரே அறிந்து, அத்தடத்தின்வழி ஒவ்வொன்றாகக் கடந்து செல்ல வேண்டியிருந்தது. வடிவமைத்தவர் எண்ணிப் பாராத வினாவை ஆய்வாளர் எழுப்புவது கடினமாயிற்று. வரலாற்று முறையில் இன்றியமையாததெனினும், இலக்கியத் தரவுகளுக்கு இன்று இதனைத் தேர்வதற்குக் காரணமில்லை.

உறவுநிலை மாதிரி: வரிசையிலிருந்து விடுதலை

1970இல் எட்கர் காட் வெளியிட்ட கட்டுரை உறவுநிலை மாதிரிக்கு அடித்தளமிட்டது. தரவு உள்ளே எவ்வாறு சேமிக்கப்படுகிறது என்பதைத் தேடுபவர் அறிய வேண்டியதில்லை என்பது அதன் உயிர்நாடி. தரவுகள் அட்டவணைகளாக அமையும். ஒவ்வொரு வரிசையையும் தனித்துக் காட்ட முதன்மைத் திறவுகோல் ஒன்றும், ஓர் அட்டவணையை மற்றோர் அட்டவணையோடு பிணைக்க அயல் திறவுகோலும் இருக்கும். மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ்க்யூஎல், எஸ்க்யூலைட் முதலியன இவ்வகையைச் சார்ந்தவை.

தமிழ்ப் பதிப்பு வரலாற்றில் இதற்கு ஒப்பான ஓர் எண்ணத்தைக் காணலாம். 1940இல் சைவ சித்தாந்த மகா சமாஜம் வெளியிட்ட, எஸ். வையாபுரிப்பிள்ளை பதிப்பித்த சங்க இலக்கியம், பாடல்களைத் தொகைநூல் அடிப்படையில் நிறுத்தாமல் புலவர் அடிப்படையில் நிறுத்தியது. பாடல்கள் அவையே; வரிசை வேறு. தொகைநூல் வரிசை பல வரிசைகளுள் ஒன்று என்பதை அப்பதிப்பு செயலில் காட்டியது. அச்சில் வரிசையை மாற்ற ஒரு புதிய பதிப்பே தேவைப்பட்டது. உறவுநிலைத் தரவுத்தளத்தில் ஒரு வினாத்தொடர் போதும்.

ஒன்றுக்குப் பல, பலவற்றுக்குப் பல என்னும் உறவுகளை இம்மாதிரி செம்மையாகக் கையாளும். புறநானூறு 367ஆம் பாடல் சேர, சோழ, பாண்டியர் மூவரும் ஒருங்கிருந்தபோது ஔவையார் பாடியது என அதன் அடிக்குறிப்பு கூறும். 58ஆம் பாடல் சோழன் ஒருவனும் பாண்டியன் ஒருவனும் ஒருங்கிருந்தபோது காரிக்கண்ணனார் பாடியது. விரிதாள் ஒன்றில் 'பாடப்பட்டோன்' என ஒரு நெடுவரிசை மட்டும் வைத்தால், மூன்று பெயர்களை ஒரே கட்டத்தில் காற்புள்ளியிட்டு எழுத நேரும். அதன்பின் எண்ணிக்கைகள் பிழைபடும். உறவுநிலை மாதிரியில் பாடல் அட்டவணைக்கும் அரசர் அட்டவணைக்கும் நடுவே இணைப்பு அட்டவணை ஒன்றை வைத்து இதனைத் தீர்க்கலாம்.

இம்மாதிரி நம்மைச் சில வினாக்களுக்கு விடை கூற வற்புறுத்துகிறது. முதலாவது, முதன்மைத் திறவுகோல் எது? திருக்குறள் தரவுத்தளங்களில் குறள் எண்ணையே திறவுகோலாகக் கொள்வது எளிய வழி. ஆனால் அதிகாரத்துள் குறள்கள் நிற்கும் முறை மணக்குடவர் உரையிலும் பரிமேலழகர் உரையிலும் ஒன்றாக இல்லை. பரிமேலழகர் வரிசை எண்ணைத் திறவுகோலாகக் கொள்ளும் தரவுத்தளம், ஓர் உரையாசிரியரின் முடிவைப் பனுவலின் இயல்பாக மாற்றிவிடுகிறது. பொருளற்ற தனி அடையாள எண் ஒன்றைத் திறவுகோலாக வைத்து, உரைவாரி வரிசையைத் தனி அட்டவணையில் பதிவதே நேரிய முறை.

இரண்டாவது, எதைப் பதிவது, எதைக் கணித்துப் பெறுவது? அகநானூற்றில் ஒற்றைப்படை எண் பெற்றவை பாலை, 2, 8 என முடிபவை குறிஞ்சி, 4 முல்லை, 6 மருதம், பத்தின் மடங்குகள் நெய்தல். பாடல் எண்ணிலிருந்தே திணையைப் பெறலாம் ஆதலின், திணைக்குத் தனி நெடுவரிசை தேவையில்லை என உறவுநிலை வடிவமைப்பு நெறி கூறும். தொகுத்தோர் வகுத்த திணைக்கு மட்டுமே இது பொருந்தும். திணைமயக்கம் கருதி ஆய்வாளர் ஒரு பாடலை வேறு திணைக்குரியதாகக் கொண்டால், அது வேறொரு தரவு. இரண்டையும் ஒரே நெடுவரிசையில் கலக்கும் அட்டவணையிலிருந்து பெறப்படும் திணைவாரிப் புள்ளிவிவரம், தொகுத்தோர் கருத்தையும் காட்டாது. ஆய்வாளர் கருத்தையும் காட்டாது.

மூன்றாவது, வெற்றிடம் எதைக் குறிக்கிறது? சங்கப் பாடல்களுள் ஆசிரியர் பெயர் அறியப்படாதவை 102 எனப் பொதுவாகக் கணக்கிடப்படுகிறது. ஆசிரியர் கட்டம் வெறுமையாக இருந்தால் பெயர் கிடைக்கவில்லை என்பது பொருளா, சுவடி சிதைந்தது என்பது பொருளா, தரவு உள்ளீடு செய்பவர் இன்னும் அப்பாடலுக்கு வரவில்லை என்பது பொருளா? உறவுநிலை மாதிரி இம்மூன்றையும் ஒரே வெற்றுக்குறியால் காட்டும். வேறுபடுத்த வேண்டியவர் வடிவமைப்பாளரே.

இம்மாதிரியின் மிகப்பெரிய குறைபாடு பாடவேறுபாட்டில் வெளிப்படுகிறது. ஒரு கட்டத்தில் ஒரு மதிப்பு என்பது அதன் விதி. 'பாடல்' என்னும் கட்டத்தில் ஒரு பாடம் இடம்பெற்றவுடன் மற்றவை வெளியேறுகின்றன. பாடவேறுபாடுகளுக்குத் தனி அட்டவணை அமைக்கலாம், அமைக்கவும் வேண்டும். ஆனால் எந்தச் சொல்லில், எவ்வளவு நீளத்திற்கு, எந்தச் சுவடியில் வேறுபாடு என்பதைச் சொல் நிலையில் பதியத் தொடங்கினால் அட்டவணைகள் பெருகி, பாடலைப் பாடலாகப் படிப்பதே அரிதாகிவிடும்.

ஆவண மாதிரி: பனுவலின் முழுமையும் வகையுளியின் தடையும்

பாடல், திணை, துறை, கூற்று, அடிக்குறிப்பு, பழைய உரை, பாடவேறுபாடு ஆகிய அனைத்தையும் ஓர் ஆவணமாக ஒருங்கே வைப்பது ஆவண மாதிரி. 2009இல் வெளிவந்த மாங்கோடிபி இவ்வகையில் பரவலாக அறியப்பட்டது. எக்ஸ்எம்எல் குறியீட்டு ஆவணங்களைச் சேமிக்கும் தரவுத்தளங்களையும் இவ்வகையில் அடக்கலாம். 1987இல் தொடங்கிய டி.இ.ஐ. என்னும் பனுவல் குறியீட்டு முயற்சி, பதிப்பாசிரியர் கொண்ட பாடத்தையும் பிற சுவடிகளின் பாடங்களையும் அவை நிகழும் இடத்திலேயே குறிக்கும் நெறிகளை வகுத்துள்ளது. உ.வே.சாமிநாதையரின் பதிப்புகளில் பக்கத்தின் அடியில் நின்ற பிரதிபேதக் குறிப்புகளைக் கணினியில் இழப்பின்றி அமைக்க இன்று கிடைக்கும் பொதுத் தரம் இதுவே எனலாம்.

ஆவண மாதிரி நெகிழ்வானது. ஒரு பாடலுக்குப் பழைய உரை இருக்கலாம், மற்றொன்றுக்கு இல்லாமலிருக்கலாம். வெற்றுக் கட்டங்கள் தேவையில்லை. இந்நெகிழ்ச்சியே இடரும் ஆகும். மாங்கோடிபி போன்ற அமைப்புகள் ஒவ்வோர் ஆவணமும் ஒரே அமைப்பைப் பின்பற்ற வேண்டும் எனத் தாமாக வற்புறுத்துவதில்லை. ஓர் உதவியாளர் 'துறை' என்றும் மற்றொருவர் 'துறைப்பெயர்' என்றும் பதிந்தால் இரண்டும் ஏற்கப்படும்; 'துறை' எனத் தேடும்போது பாதித் தரவுகள் கிடைக்கா. பிழை எழுந்தமை யாருக்கும் தெரியாது. கட்டுப்பாட்டு விதிகளைத் தனியே எழுதிச் சேர்த்தாலன்றி இது தவிர்க்க இயலாதது.

எக்ஸ்எம்எல் ஆவணத்திற்கு மற்றொரு தடை உண்டு. அது தமிழ் யாப்போடு நேரடித் தொடர்புடையது. எக்ஸ்எம்எல் அடிப்படையில் ஒரு மரம். ஒரு கூறு மற்றொரு கூற்றினுள் முழுமையாக அடங்க வேண்டும். பாதி உள்ளும் பாதி வெளியுமாக நிற்க இயலாது. செய்யுளோ அடி, சீர், அசை என ஒரு வகையிலும், தொடர், சொல், உருபு என மற்றொரு வகையிலும் பகுபடுகிறது. சீரின் எல்லையும் சொல்லின் எல்லையும் ஒத்துவராமல் சொல் பிளவுபட்டுச் சீராவதையே நம் யாப்பிலக்கண மரபு வகையுளி என வழங்கும். வகையுளி நிகழும் இடந்தோறும் எக்ஸ்எம்எல் மரம் ஒரு தேர்வைக் கேட்கிறது: சீரைக் காப்பதா, சொல்லைக் காப்பதா? சீரைக் காத்தால் சொல்லடைவு பிழைபடும். சொல்லைக் காத்தால் யாப்பாய்வு பிழைபடும். எல்லையில் வெற்றுக் குறிகளை நட்டு இரண்டையும் ஓரளவு காக்க டி.இ.ஐ. நெறிகள் வழி கூறுகின்றன. அவ்வழியை மேற்கொள்வதா என்று தீர்மானிப்பவர் யாப்பும் மொழியும் அறிந்தவராக இருத்தல் வேண்டும்.

கோட்டுரு மாதிரி: உறவே தரவாகும்போது

புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும் கொண்டது கோட்டுரு. இம்மாதிரியில் புலவர், அரசர், ஊர், பாடல் முதலியன கணுக்களாகவும், பாடினார், ஆண்டான், போரிட்டான் முதலியன இணைப்புகளாகவும் அமையும். இணைப்புக்கும் தனிப் பண்புகளைத் தரலாம். நியோ4ஜெ இவ்வகையில் நன்கறியப்பட்டது. 'பாரியைப் பாடிய புலவர்கள் வேறு யாரைப் பாடினர். அவர்களை வேறு யார் பாடினர்' என்பது போன்ற தொடர் வினாக்களுக்கு உறவுநிலை மாதிரி அட்டவணைகளை மீண்டும் மீண்டும் பிணைக்க வேண்டும். கோட்டுருவில் கோட்டின்வழி நடந்தால் போதும்.

பாடவேறுபாட்டுக்கும் இது இயைந்தது. சுவடிகள் ஒத்துச் செல்லும் இடத்தில் ஒரே பாதையாகவும், வேறுபடும் இடத்தில் பிரிந்தும், பின்னர்க் கூடியும் செல்லும் கோட்டுருவாகப் பனுவலைக் காட்டலாம். பாட ஒப்பீட்டு மென்பொருளான கொலேட்எக்ஸ் இம்முறையையே பின்பற்றுகிறது. இங்கு எந்தப் பாடமும் மையமும் அன்று, அடிக்குறிப்பும் அன்று. வகையுளிச் சிக்கலும் கோட்டுருவில் எழுவதில்லை. அசை நிலையிலான கணுக்களிலிருந்து சீருக்கு ஒரு கோடும் சொல்லுக்கு ஒரு கோடும் செல்லலாம்.

இத்தகைய ஆற்றலால் கோட்டுருவே எதிர்காலம் என முடிவுசெய்தல் பொருந்தாது. அதற்கு இரு காரணங்கள் உள. ஒன்று நிலைபேறு. உறவுநிலைத் தரவுத்தளங்களின் வினவுமொழியான எஸ்.க்யூ.எல். 1986இல் அமெரிக்கத் தரமாகவும் 1987இல் பன்னாட்டுத் தரமாகவும் ஏற்கப்பட்டது. கோட்டுருத் தரவுத்தளங்களுக்கான பன்னாட்டு வினவுமொழித் தரமோ 2024இல்தான் வெளிவந்தது. ஒரு நிறுவனத்தின் அமைப்பில் இன்று இடப்பட்ட தரவு இருபது ஆண்டுகளுக்குப் பின் வாசிக்கப்படுமா என்பதற்கு உறவுநிலை மாதிரி தரும் உறுதியைக் கோட்டுரு இன்னும் தரவில்லை.

மற்றொன்று ஆய்வு நேர்மை சார்ந்தது. கோட்டுரு அழகிய படங்களைத் தரும். கபிலருக்கும் பாரிக்கும் இடையே ஒரு கோடு இழுக்கப்பட்டவுடன் அது வரலாற்று உண்மை போலத் தோன்றுகிறது. அக்கோட்டிற்கு ஆதாரம் பாடலின் உள்ளிருக்கும் பெயரா, பிற்காலத்தார் எழுதிய அடிக்குறிப்பா, உரையாசிரியர் கூற்றா? புறநானூற்று அடிக்குறிப்புகளின் வரலாற்றுத் தகுதி அறிஞரிடையே தொடர்ந்து விவாதிக்கப்படுவது. ஒவ்வோர் இணைப்பிலும் 'சான்று' என்னும் பண்பு இல்லாத கோட்டுரு, விவாதத்துக்குரியதை விவாதத்துக்கு அப்பாற்பட்டதாக ஆக்கிவிடும்.

எல்லா வகைக்கும் பொதுவான சிக்கல்: தமிழ் எழுத்து

எவ்வகைத் தரவுத்தளத்தைத் தேர்ந்தாலும் அது தமிழ் எழுத்தை எவ்வாறு வரிசைப்படுத்துகிறது, ஒப்பிடுகிறது, எண்ணுகிறது என்பதை ஆராய்தல் வேண்டும்.

ஒருங்குறியில் னகரம் நகரத்தை அடுத்து நிற்கிறது; றகரம் ரகரத்தை அடுத்தும், ளகர ழகரங்கள் வகரத்துக்கு முன்னும் நிற்கின்றன. குறியெண் வரிசைப்படி அடுக்கும் தரவுத்தளம் 'வனம்' என்பதை 'வயல்' என்பதற்கு முன்னும், 'பழம்' என்பதைப் 'பவளம்' என்பதற்கு முன்னும் வைக்கும். புள்ளியின் குறியெண் உயிர்க்குறிகளுக்குப் பின்னர் உள்ளமையால், அகராதியில் முன்னிற்க வேண்டிய 'அக்கம்' 'அகம்' என்பதற்குப் பின் தள்ளப்படும். எஸ்க்யூலைட்டின் இயல்பு வரிசை இத்தகையதே. போஸ்ட்கிரெஸ்க்யூஎல் 10ஆம் பதிப்பு முதல் மொழிவாரி வரிசை விதிகளைப் பயன்படுத்த இடந்தருகிறது. தமிழுக்குரிய விதியைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். ஆய்வேட்டின் பின்னிணைப்பில் தமிழ் நெடுங்கணக்கு பிறழ்ந்த சொல்லடைவு இடம்பெற்றால், பிழை கணினியினுடையதன்று.

ஒப்பீட்டுச் சிக்கல் இதனினும் நுட்பமானது. 'கொ' என்பதனை ஒரே உயிர்க்குறியாகவும், கொம்பும் காலுமாகிய இரு குறிகளாகவும் உள்ளிடலாம். திரையில் இரண்டும் ஒன்றே. குறியெண்களை அப்படியே ஒப்பிடும் தரவுத்தளத்துக்கோ வெவ்வேறு. இதனைச் சீராக்கும் செயற்பாடு போஸ்ட்கிரெஸ்க்யூஎல் 13ஆம் பதிப்பு முதல் உள்ளது. ஆனால் 'ஔவையார்' என்பதனை ஒகரமும் ளகரமும் இட்டு 'ஒளவையார்' எனத் தட்டச்சிடும் வழக்கத்தை எந்தச் சீராக்கமும் திருத்தாது. அவை உண்மையிலேயே வேறு எழுத்துகள். சங்கப் புலவர் எண்ணிக்கை, இவ்வொரு தட்டச்சு வேறுபாட்டால் ஒன்று கூடிவிடும்.

எண்ணும் முறையும் கருதத்தக்கது. 'கொடி' என்பதில் எழுத்து இரண்டு. தரவுத்தளத்தின் நீளம் காணும் செயற்பாடு நான்கு என்றோ ஐந்து என்றோ கூறும். இரண்டாம் எழுத்தைக் கொண்டு எதுகை தேடும் ஆய்வு, உயிர்மெய்யை ஓரெழுத்தாகப் பிரிக்கும் முன்செயலாக்கம் இன்றி நடத்தப்பட்டால் அதன் முடிவுகள் நம்பத்தக்கன ஆகா. போஸ்ட்கிரெஸ்க்யூஎல் 12ஆம் பதிப்பில் தமிழ்ச் சொற்களின் விகுதிகளை நீக்கித் தேடும் வசதி சேர்க்கப்பட்டுள்ளமை வரவேற்கத்தக்கதே. ஆயினும் விதிவழி விகுதி நீக்கம் சங்கச் சொல் வடிவங்களுக்கு எவ்வளவு பொருந்தும் என்பதைச் சோதித்தறிந்த பின்னரே அதனைப் பயன்படுத்தல் வேண்டும்.

கல்வெட்டு, சுவடி ஆய்வாளர்க்கு இன்னும் ஒன்று. தமிழ்ப் பின்ன எண்களுக்கும் அளவைகளுக்கும் உரிய குறிகள் 2019இல் ஒருங்குறியில் சேர்ந்தன. கிரந்தம் 2014இல் சேர்ந்தது. இவை சேமிப்பில் நான்கு பைட்டு இடம் கொள்பவை. மைஎஸ்க்யூஎல்லின் பழைய யு.டி.எஃப்.8 அமைப்பு மூன்று பைட்டு வரையே ஏற்கும். அவ்வமைப்பிலுள்ள தரவுத்தளத்தில் தமிழ் உரைநடை முழுதும் சரியாக நிற்கும். நிலக்கணக்கின் பின்னக்குறி மட்டும் நிற்காது.

மறுப்புகளும் மறுமொழியும்

இவையெல்லாம் கணினி வல்லுநரின் பணி, தமிழாய்வாளருக்கு இதில் இடமில்லை எனச் சிலர் கருதலாம். மென்பொருளை நிறுவுதலும் இயக்குதலும் வல்லுநரின் பணியே. ஆனால் திறவுகோல் எது, வெற்றிடத்தின் பொருள் யாது, வகையுளியில் எதைக் காப்பது என்பன மேலே கண்டவாறு இலக்கணமும் உரை மரபும் அறிந்தவர் தீர்க்க வேண்டியவை. அச்சுக்கோப்பவரிடம் பாடத் தேர்வை ஒப்படைத்த பதிப்பாசிரியர் எவரும் இலர்.

விரிதாளே போதும் என்பது மற்றொரு கருத்து. ஒருவர் தம் குறிப்புகளை வைத்துக்கொள்ள விரிதாள் போதும். அதிலிருந்து எண்ணிக்கைகளைப் பெற்று முடிவு கூறும்போதுதான், கட்டுப்பாடுகளற்ற கட்டங்களின் குறை தெரியவரும்.

மூன்றாவது தயக்கம் காலமும் பணமும் பற்றியது, அது நியாயமானதே. திட்டக்காலம் முடிந்ததும் தற்காலிக உதவியாளர் விலகுவர்; வழங்கி புதுப்பிக்கப்படாது; தரவுத்தளம் மறையும். அதனோடு, உள்ளீட்டின்போது இரு பாடங்களுள் ஒன்றைத் தேர்ந்த உதவியாளரின் முடிவும் காரணமும் மறையும். விசைப்பலகையின் முன் அமர்ந்து பாடத்தைத் தேர்ந்தவர் நடைமுறையில் பதிப்பாசிரியரே. அவர் பெயரும் அவர் பின்பற்றிய விதியும் பதிவு பெறாமை ஆய்வறத்துக்கும் இழுக்கு.

பரிந்துரைகள்

ஒரே தரவுத்தள வகை எல்லாவற்றுக்கும் பொருந்தாது என்பது ஒப்பீட்டால் பெறப்படுகிறது. எனவே பணிக்கேற்ற பகுப்பு தேவை. பனுவலும் பாடவேறுபாடும் டி.இ.ஐ. நெறிப்படி அமைந்த எக்ஸ்எம்எல் கோப்புகளாக மூலத்தரவாய் நிற்கலாம். நூல், பாடல், புலவர், சுவடி, பதிப்பு ஆகியவற்றின் அட்டவணைகள் உறவுநிலைத் தரவுத்தளத்தில் அமையலாம். கோட்டுருவை மூலத்தரவாகக் கொள்ளாமல், இவ்விரண்டிலிருந்தும் வேண்டும்போது உருவாக்கிக்கொள்ளும் ஆய்வுக் கருவியாகப் பயன்படுத்தலாம்.

தனியாய்வாளருக்கு எஸ்க்யூலைட் ஏற்றது. தரவுத்தளம் முழுவதும் ஒரே கோப்பாக அமையும், வழங்கி தேவையில்லை, மென்பொருள் பொதுவுடைமையில் உள்ளது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தரவுத் தொகுப்புகளைக் காப்பதற்குப் பரிந்துரைக்கும் வடிவங்களுள் இதுவும் ஒன்று. அகரவரிசை விதியை மட்டும் தனியே அமைத்துக்கொள்ளல் வேண்டும்.

ஆய்வேடுகளில் தரவுத்தளம் பயன்படுத்தப்பட்டிருப்பின், தரவு மாதிரி, அட்டவணை அல்லது ஆவண அமைப்பு, மூலப் பதிப்பு, பாடத் தேர்வு விதி, வெற்றிடத்தின் பொருள், எழுத்துச் சீராக்க முறை ஆகியவற்றை ஆய்வு நெறிமுறை இயலில் இரண்டு பக்கங்களிலேனும் விளக்குவதைத் துறைகள் கட்டாயமாக்கலாம். வாய்மொழித் தேர்வில் தேர்வாளர்கள் இவற்றை வினவலாம். ஆய்விதழ்களும் கட்டுரையோடு தரவுக் கோப்பைக் கேட்டுப் பெறலாம். பெருஞ்செலவு இவற்றுக்குத் தேவையில்லை.

முடிவுரை

ஏட்டிலிருந்து அச்சுக்குத் தமிழ் நூல்கள் பெயர்ந்தபோது, எந்த ஏடு, எந்தப் பாடம், ஏன் என்னும் வினாக்களுக்கு விடை எழுதிவைத்த பதிப்பாசிரியர்களாலேயே இன்றும் அவர்களின் முடிவுகளை நாம் மறு ஆய்வு செய்ய முடிகிறது. விடை எழுதாது சென்றவர்களின் பதிப்புகளில் அவ்வாய்ப்பு இல்லை. அச்சிலிருந்து தரவுத்தளத்துக்குப் பெயரும் இக்காலத்திலும் அதே வினாக்கள் நம்முன் நிற்கின்றன. படிநிலை மாதிரி நூலின் அமைப்பையும், உறவுநிலை மாதிரி நூல்களுக்கிடையிலான ஒழுங்கையும், ஆவண மாதிரி பனுவலின் முழுமையையும், கோட்டுரு மாதிரி உறவுகளின் பரப்பையும் காக்கின்றன. ஒவ்வொன்றும் மற்றொன்றை இழக்கிறது. எதை இழக்கத் துணிந்தோம் என்பதை எழுதிவைக்கும் கடமை, தரவுத்தளத்தை உருவாக்கும் தமிழாய்வாளருக்கே உரியது.